அன்பில்லாத குற்றம்

அச்சகத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை வெளிவரும் நாலு பக்கப் பத்திரிகை அது. காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரத்திலிருந்து ஈரம் காயாமல் வந்து விழும் தாள்களை மடித்து அடுக்குவது அவள் வேலை. மூலையோடு மூலை சேர்த்து ஒரு மடிப்பு, மூங்கில் பட்டையால் ஒரே இழுப்பு. திருப்பிப் போட்டு இன்னொரு மடிப்பு, இன்னொரு இழுப்பு. மதியத்துக்குள் எழுநூறு பிரதிகள் முதுகு நேராக அடுக்கப்பட்டிருக்கும். கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட ஒரு பங்கு கூடுதல். அவள் பேச்சை நிறுத்திவிட்டால் இயந்திரம் நின்றுவிட்டதோ என்று உள்ளேயிருந்து மானேஜர் எட்டிப் பார்ப்பார்.

அவள் பள்ளிக்கூடம் போனதில்லை. எழுத்து கற்றதெல்லாம் அச்சுக் கோக்கும் கம்பாசிடரிடம்தான். வேலை இல்லாத நேரங்களில் அவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, "இது க, இது ச" என்று சொல்லிக்கொடுத்தார். ஈய எழுத்து என்றால் இடவலம் மாறியல்லவா இருக்கும்? அவளும் அப்படியே கற்றுக்கொண்டாள். கோத்துவைத்த அச்சுப் பலகையைப் பார்த்தால் கடகடவென்று படித்துவிடுவாள். அதையே தாளில் அடித்துக் கொடுத்தால் ஒவ்வோர் எழுத்தாக முட்டி மோதுவாள். "உங்க பத்திரிகையைத் திருப்பி அடிங்க, நானும் சந்தா கட்டறேன்" என்பாள்.

அவள் கணவர் கோர்ட்டில் டவாலி. மார்புக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் வெள்ளி வில்லை, அப்புறம் தொண்டை. முதல் இரண்டும் சர்க்கார் கொடுத்தவை. மூன்றாவது அவருடைய சொந்தம். வழக்குக்காரரின் பெயரை அவர் மூன்று முறை கூவினால், அந்த ஆள் தெருமுனைக் கடையில் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து ஓடி வருவான். இருபது வருடமாக ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காதவர். பட்டையை வாரம் ஒருமுறை தாமே துவைத்து, தலையணைக்கு அடியில் மடித்துவைத்துப் படுப்பார். மனைவி வேலை பார்ப்பது சர்க்காருக்குப் பிடிக்காத பத்திரிகையில் என்பது அவருக்கு நெஞ்சில் முள்தான். ஆனால், "நான் தாளைத்தானே மடிக்கிறேன், சர்க்காரையா மடிக்கிறேன்?" என்று அவள் கேட்டால் வில்லையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

அந்த வருடம் வெள்ளைக்கார ஆட்சி சட்டத்துக்கு மேல் சட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தது. பத்திரிகை நடத்த வேண்டுமென்றால் ஆசிரியர் யார் என்று மாஜிஸ்திரேட்டிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். பத்திரிகையில் ராஜத்துரோகமாக ஒரு வரி வந்தாலும் கையெழுத்துப் போட்டவர் ஜெயிலுக்குப் போக வேண்டும். பத்திரிகையைத் தொடங்கியவர் முதலில் போனார். அடுத்து கம்பாசிடர் கையெழுத்துப் போட்டார். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். அதற்கடுத்து, பிழை திருத்தும் பெரியவர். புரூப் ஐயா என்பார்கள். ஒற்றுப்பிழை ஒன்றைக் கண்டால் ஜுரம் வந்ததுபோல் முகம் வாடிவிடும் மனிதர்.

அவரை உள்ளே தள்ளியது மடிப்பக்காவின் வாய்தான்.

ஐந்து பேரோ அதற்கு மேலோ ஓரிடத்தில் கூடக்கூடாது என்று ஓர் உத்தரவு வந்திருந்தது. பொதுக்கூட்டங்களை ஒழிக்கப் போட்ட உத்தரவு. அதைப் போலீஸ்காரர் ஒருவர் குழாயடிக்குக் கொண்டுவந்துவிட்டார். தண்ணீருக்குப் பன்னிரண்டு பெண்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். "நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாது, கலைங்க" என்றார் அவர். பெண்கள் நல்லபிள்ளைகளாகக் கலைந்தார்கள். நாலு பேர் குழாயடியில், நாலு பேர் பத்தடி தள்ளி, இன்னொரு நாலு பேர் அதற்கும் பத்தடி தள்ளி. குடம் நிறைந்தவள் கடைசிக் கும்பலுக்குப் போவாள். ஒருத்தி முன்னால் வருவாள். போலீஸ்காரர் எண்ணினார். நடுவில் ஒருத்தி நகர்ந்தாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினார். மூன்றாவது தடவை எண்ணிக்கை தப்பியதும் அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்திலிருந்த குடத்தை ஓங்கி ஓர் உதை விட்டார். அது மடிப்பக்காவின் குடம். உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது.

"ஏங்க, குடத்தையும் ஆள் கணக்குல சேர்த்துட்டீங்களா?" என்று கேட்டாள் அவள்.

குழாயடியே சிரித்தது. போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

இதை அவள் அச்சகத்தில் நடித்தே காட்டினாள். புரூப் ஐயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த கையோடு அதை அப்படியே எழுதி, கடைசியில், 'குடத்தைக் கண்டு நடுங்கும் ஆட்சி' என்று ஒரு வரியும் சேர்த்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரமே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் தண்டனை போட்டார்கள்.

தீர்ப்பான அன்று மாலை டவாலி வீட்டுக்கு வந்து பட்டையைக் கழற்றினார். மடிப்பக்கா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"என்ன குத்தம்னு சொன்னாங்க?"

"சர்க்கார் மேல அன்பு இல்லையாம்."

"என்னது?"

"அன்பு. பிரியம். அது இல்லாம இருக்கறதே குத்தம்னு சட்டத்துல போட்டிருக்காம். துரை அரை மணி நேரம் படிச்சாரு."

"பிரியம் இல்லைன்னா ஜெயிலா? அப்படிப் பார்த்தா மாமியாருங்க விஷயத்துல ஊர்ல பாதிப் பொம்பளைங்க ஆயுள் கைதிதான்."

டவாலி சிரிக்கவில்லை. அவளுக்கும் அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. குடம் அவளுடையது, பேச்சும் அவளுடையது. அதற்கு அறுபது வயது மனிதர் கல் உடைக்கப் போயிருக்கிறார். சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் அப்படியே மூடிவைத்துவிட்டாள்.

மறுநாள் காலை அச்சகத்தில் இயந்திரம் ஓடவில்லை. மானேஜர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் வயிற்றுவலிக்காரர், ஜெயில் சாப்பாட்டில் ஒரு வாரம் தாங்கமாட்டார். தவிரவும் அவர் போய்விட்டால் எழுத ஆள் கிடையாது. கம்பாசிடர் இரண்டாம் முறை போகத் தயாராக இருந்தார். ஆனால் ஒரு முறை தண்டனை பெற்றவர் கையெழுத்துப் போட முடியாது என்று சட்டத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்துவிட்டார்களாம்.

"நான் போடறேன்" என்றாள் மடிப்பக்கா.

"எதைப் போடறீங்க?" என்றார் மானேஜர்.

"கையெழுத்து."

"விளையாடாதீங்க. ஆசிரியர்னா எழுதப் படிக்கத் தெரியணும்."

"சட்டத்துல அப்படி எழுதியிருக்கா? பாருங்க."

மானேஜர் சட்டப் புத்தகத்தை எடுத்தார். முதலிலிருந்து கடைசிவரை விரல் வைத்துப் படித்தார். 'வயது வந்த ஒரு நபர்' என்று இருந்தது. நபருக்குப் படிப்பு வேண்டும் என்றோ மீசை வேண்டும் என்றோ எங்கும் இல்லை.

அன்று பதினொரு மணிக்கு, கோர்ட்டில், அடுத்த மனுவுக்குரியவரின் பெயர் எழுதிய சீட்டைத் தலைமைக் குமாஸ்தா டவாலியிடம் நீட்டினார். வழக்கம்போல் மார்பை நிமிர்த்தி முதல் தடவை கூவிய டவாலிக்கு, என்ன பெயரைக் கூவினோம் என்பது கூவிய பிறகுதான் உறைத்தது. இரண்டாம் தடவை பாதிக் குரல்தான் வந்தது. மூன்றாவதற்குத் தேவையே இல்லை. அவள் எதிரிலேயே வந்து நின்றிருந்தாள்.

"இங்க எதுக்கு வந்தே?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"நீங்கதான கூப்பிட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

மாஜிஸ்திரேட் துரை தமிழ் படித்தவர். வயதான புலவர் ஒருவரிடம் ஏழு வருடம் இலக்கணம் கற்றுத் தேர்வில் பரிசு வாங்கியவர். ஆகையால் அவர் பேசும் தமிழ் ஊரில் ஒருவருக்கும் புரியாது.

"மாதே, நீ ஈண்டு எற்றுக்கு வந்தனை?" என்றார்.

மடிப்பக்கா தலைமைக் குமாஸ்தாவைப் பார்த்தாள். "ஐயா என்ன பாஷை பேசறாருங்க?"

"எதுக்கு வந்தேன்னு கேக்கறாரு" என்று தமிழைத் தமிழில் பெயர்த்தார் குமாஸ்தா.

அவள் சொன்னாள். துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டப் புத்தகத்தை வரவழைத்தார். மானேஜர் விரல் ஓட்டிய அதே வரிகளில் அவர் விரலும் ஓடி, அதே இடத்தில் நின்றது. 'நபர்.' வேறு வழியில்லாமல் பேனாவை நீட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாகப் பொறுமையாகத் தன் பெயரை எழுதினாள்.

துரை அதைப் பார்த்து நிமிர்ந்தார். "இஃது யாது? மறைமொழியோ?"

குமாஸ்தா தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். பின்பக்கம் வழியாகப் பெயர் முத்துமுத்தாகத் தெரிந்தது. கையெழுத்து செல்லும் என்று எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வீட்டில் மூன்று நாள் பேச்சில்லை. நாலாவது நாள் டவாலி வாயைத் திறந்தார். "என் வேலையைப் பத்தி ஒரு நிமிஷம் நெனச்சியா?"

"நெனச்சேங்க. புரூப் ஐயாவையும் நெனச்சேன். ரெண்டையும் ஒரே தராசுல வெச்சேன், என்ன செய்ய?"

"உனக்கு ஜெயில்னா என்னன்னு தெரியுமா?"

"உங்களுக்குத் தெரியுமா? தினமும் வாசல் வரைக்கும்தான அனுப்பி வெக்கறீங்க."

அவர் மறுபடி மூன்று நாள் பேசவில்லை.

பெயருக்கு ஆசிரியராக இருந்துவிட்டுப் போவாள் என்றுதான் மானேஜர் நினைத்திருந்தார். முதல் இதழிலேயே அந்த நினைப்பில் மண் விழுந்தது. "உள்ள போகப்போறது நான். எதுக்குப் போறேன்னு எனக்குப் புரிய வேணாமா? எல்லாத்தையும் சத்தமாப் படிங்க" என்று உட்கார்ந்துவிட்டாள். கையில் தாள் மடிந்துகொண்டிருந்தது. மானேஜர் தம் தலையங்கத்தைப் படித்தார். 'அடிமைத்தளை எனும் அந்தகாரத்தில் ஆழ்ந்து அல்லலுறும் நம்மனோர்' என்று தொடங்கியது.

"இது துரைக்கு எழுதினதா?" என்றாள். "அவருக்கு மட்டும்தான் புரியும். வெட்டுங்க."

மானேஜருக்கு வயிற்றுவலி வந்தது. ஆனாலும் வெட்டினார். ஒரு மாதத்தில் அவர் வாக்கியங்கள் பாதி நீளமாயின; பத்திரிகை இருநூறு பிரதி கூடுதலாக ஓடியது.

'அன்புக் கடிதம்' என்ற பகுதி வந்தது இப்படித்தான். "அன்பு இல்லைன்னாதான குத்தம்? அன்பாவே எழுதுவோம். திகட்டத் திகட்ட எழுதுவோம்" என்றாள் அவள். அவள் சொல்லச் சொல்ல, மானேஜர் எழுதுவதற்கு முன்பே கம்பாசிடர் நேரடியாக எழுத்துக் கோத்தார்.

'நம் சர்க்காருக்கு நம் மேல்தான் எவ்வளவு பிரியம்! ஐந்து பேர் சேர்ந்து நின்றால் ஒருவர் சளி ஒருவருக்கு ஒட்டிக்கொள்ளுமே என்று நாலு பேரோடு நிறுத்திவிடுகிறது. நமக்கு வரும் கடிதங்களை நமக்கு முன்பே பிரித்துப் படித்து, மனசு நோகும்படி ஏதாவது இருந்தால் அதை அழித்து அனுப்புகிறது. பெற்ற தாய் இவ்வளவு செய்வாளா? மேடையில் கத்திக் கத்தித் தொண்டை புண்ணானவர்களை அமைதியான இடத்தில் கொண்டுபோய் வைத்து, யாரும் தொந்தரவு செய்யாமல் வாசலில் காவலும் போட்டிருக்கிறது. இதையெல்லாம் ஒரு சல்லிக்காசு கேட்காமல் செய்கிறது. வரி என்று வாங்குவது வேறு கணக்கு.'

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. முடிவெட்டும் கடைகளில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் பாதித் தலையோடு கேட்டார்கள்.

உள்ளூர்ப் பத்திரிகைகளையெல்லாம் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து மேலிடத்துக்கு அனுப்ப சர்க்கார் ஒரு குமாஸ்தாவை வைத்திருந்தது. எப்போதும் குடையும் கையுமாக அலைகிற, ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். அவர் 'அன்புக் கடித'த்தை வார்த்தைக்கு வார்த்தை, ஒரு கமாவைக்கூட விடாமல் மொழிபெயர்த்தார். பிரியம் பிரியமாகவே போயிற்று. தாய் தாயாகவே போனாள். மேலிடத்தில் அதைப் படித்த பெரிய துரைக்குக் கண் கலங்கிவிட்டதாம். ராஜத்துரோகப் பத்திரிகை ஒன்று, பெண்ணொருத்தி பொறுப்பேற்றதும் திருந்திவிட்டதே! பாராட்டி ஒரு கடிதம் எழுதி, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினார்.

மாஜிஸ்திரேட் துரை கோர்ட்டுக்கு வரவழைத்து அதை அவள் கையில் கொடுத்தார். "நின் நல்லொழுக்கம் நனி பெரிதும் உவந்தனம்" என்றார். என்னவோ நல்லதாகச் சொல்கிறார் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது, கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். வாசலில் நின்ற டவாலிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்று மாலை வீட்டுக்குப் பூ வாங்கிக்கொண்டு வந்தார்.

அந்தக் கடிதத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் எல்லோரும் சௌக்கியமாக இருந்திருப்பார்கள். அவளா வைப்பாள்? அடுத்த இதழின் முதல் பக்கத்தில், நாலு பக்கமும் பூ வேலைப்பாடு போட்டு, முத்திரைப் படத்தோடு அடித்துவிட்டாள். தலைப்பு: 'காதல் கைகூடியது.'

அந்த இதழை மூன்று முறை திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. ஊர் ஏன் இப்படிச் சிரிக்கிறது என்று துரை அரசாங்க வக்கீலைக் கேட்டார். வக்கீல் உள்ளூர்க்காரர், அவரும் சிரித்தவர்தான். இப்போது முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, பழைய இதழ்களை விரித்து, எங்கெங்கே என்னென்ன கிண்டல் என்று ஒவ்வொரு வரியாக விளக்கினார். முழுதாக மூன்று மணி நேரம் ஆயிற்று. இரண்டு இடத்தில் துரையே சிரித்துவிட்டு, பிறகு நினைவு வந்து மேசையைக் குத்தினாராம்.

மடிப்பக்கா மேல் வழக்குப் பதிவானது. குற்றம்: அன்பின்மை.

விசாரணை அன்று கோர்ட்டில் எள் போட இடமில்லை. நாலு நாலு பேராகத்தான் நிற்கிறோம் என்று கூட்டம் சத்தியம் செய்தது. அரசாங்க வக்கீல் எழுந்தார்.

"இந்த எழுத்து உன்னுடையதுதானா?"

"படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேங்க. ஒரு கண்ணாடி கிடைக்குமா?"

"மூக்குக்கண்ணாடியா?"

"இல்லைங்க. முகம் பாக்கற கண்ணாடி."

வக்கீல் துரையைப் பார்த்தார். துரை டவாலியைப் பார்த்தார். துரையின் ஓய்வறையில் முகச்சவரம் செய்துகொள்ளும் கண்ணாடி ஒன்று தொங்கியது. இருபது வருடத்தில் டவாலி செய்த வேலைகளிலேயே விசித்திரமானது அதுதான்: குற்றவாளிக் கூண்டில் நிற்கும் தம் மனைவிக்கு மாஜிஸ்திரேட்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவள் பத்திரிகையை அதற்கு முன் நீட்டி, கண்ணாடிக்குள் பார்த்து, தண்ணீர் ஓடுவதுபோல் படித்தாள். இடையில் கண்ணாடி லேசாகச் சாய்ந்தது. "கொஞ்சம் நேராப் பிடிங்க, துரை மூஞ்சி தெரியுது" என்றாள். கூட்டம் கொல்லென்றது. "அமைதி!" என்று டவாலி கத்தினார்.

"என்னுதுதாங்க" என்றாள் படித்து முடித்து.

"இதில் அன்பு எங்கே இருக்கிறது?"

"வரிக்கு வரி அன்புதாங்க. அத்தனை கடிதத்தையும் எண்ணிப் பாருங்க, பிரியம்னு ஏழு இடத்துல வருது."

"அத்தனையும் ஏளனம்! உள்ளத்தில் அன்பு இருப்பவர் இப்படியா எழுதுவார்?" வக்கீலுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. தோன்றாமல் இருந்திருக்கலாம். "உன் கணவர் மேல் உனக்கு அன்பு உண்டல்லவா? அவரைப் பற்றி இப்படிப் பேசுவாயா?"

"இவரையா? இவரை இதைவிட மோசமாப் பேசுவேங்க. தினம் திட்டறேன். சர்க்காரை ஒரு நாளாவது திட்டியிருக்கேனா? நீங்களே சொல்லுங்க, இவரைவிட சர்க்கார் மேல எனக்கு எவ்வளவு மரியாதை!"

டவாலியால் முடியவில்லை. இருபது வருடமாக அந்த அறையில் ஒரு தும்மல்கூடப் போடாதவர், கண்ணாடியைக் கையில் பிடித்தபடியே, அந்தப் பெரிய தொண்டையால் வெடித்துச் சிரித்தார். கண்ணில் நீர் வழிந்தது. துரை மணியை அடித்தார். சிரிப்பில் மணிச் சத்தம் கேட்கவில்லை.

அமைதி திரும்பியதும் அவள் மடியிலிருந்து அரக்கு முத்திரை வைத்த கடிதத்தை எடுத்து நீட்டினாள். "எனக்கு அன்பு இருக்குன்னு பெரிய துரையே கையெழுத்துப் போட்டிருக்காருங்க. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?"

துரை கடிதத்தை இரண்டு முறை படித்தார். தண்டனை கொடுத்தால் அவள் அப்பீலுக்கு மேல்கோர்ட்டுக்குப் போவாள். கடிதமும் கூடவே போகும். பெரிய துரை கிண்டல் புரியாதவர் என்பதை மூன்று நீதிபதிகள் எழுத்தில் பதிவு செய்வார்கள். பத்து நாள் வாய்தா போட்டார். பத்தாவது நாள் வழக்கு வாபஸ் ஆயிற்று. அதே நாளில் டவாலியின் வேலையும் போயிற்று. உத்தரவில், 'நீதிமன்றத்தில் சிரித்தமை' என்று காரணம் எழுதியிருந்தது.

அவர் பட்டையையும் வில்லையையும் ஒப்படைத்துவிட்டு வெறும் சட்டையோடு வீடு வந்தார். மடிப்பக்காவின் வாய் அன்றுதான் அடைத்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னாலதாங்க" என்றாள்.

"உன்னாலதான்" என்றார் அவர். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, "இருபது வருஷமா அங்க எத்தனையோ சிரிப்பை முழுங்கியிருக்கேன். மொத்தமா வெளிய வந்துடுச்சு" என்றார். மறுவாரம் அச்சகத்தில் மடிப்பு மேசைக்கு வந்து சேர்ந்தார். அவர் மடித்த பிரதிகள் எல்லாம் கோணல். சந்தாதாரர்கள் கடிதம் எழுதினார்கள்.

அந்த நாட்களில் ஒரு பிற்பகல், குடையும் கையுமாக மொழிபெயர்ப்புக் குமாஸ்தா அச்சகத்துக்கு வந்தார். அவருக்கு வேலை போகவில்லை, எச்சரிக்கை மட்டும்தான். ஒரு வருடச் சந்தாவை, தம் மாமனார் பெயரில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

மடிப்பக்கா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா? அந்தக் கிண்டல் நிஜமாவே உங்களுக்குப் புரியலையா?"

குமாஸ்தா குடையை விரித்து, மடக்கி, மறுபடி விரித்தார். "எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் மட்டம்தாம்மா" என்றார். "அதுலயும் சிரிப்புக்கு என்ன வார்த்தைன்னு சர்க்கார் சொல்லித்தரல." முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் வெயிலில் இறங்கிப் போனார்.

அடுத்த வருடம் கோடையில் மைதானத்தில் ஒரு கூட்டம் நடந்தது. தடையை மீறி இரண்டாயிரம் பேர் உட்கார்ந்திருந்தார்கள், எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். போலீஸ் தடியால் அடித்தது. ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு ஒரு கண் போயிற்று. மடிப்பக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அச்சகத்துக்கு வந்தாள்.

"அன்புக் கடிதத்துல போட்டுடலாமா?" என்று கேட்டார் கம்பாசிடர். "'கண்ணும் கருத்துமா கவனிக்கிற சர்க்கார்'னு ஆரம்பிச்சா..."

"வேணாம்" என்றாள் அவள். "இதுக்குச் சிரிப்பு வரல. நடந்ததை நடந்தபடி போடுங்க. யாரு அடிச்சாங்க, யாருக்கு எங்க அடின்னு பேரோட போடுங்க."

"இந்தத் தடவை நிச்சயம் உள்ள போட்டுடுவாங்க" என்றார் மானேஜர்.

"தெரியும். மத்தியானம் வரைக்கும் டயம் இருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு நேரா மடிக்கக் கத்துக்குடுத்துட்டுப் போறேன்."

அவளுக்கு நாலு மாத ஜெயில் கிடைத்தது. புதிதாக வந்திருந்த மாஜிஸ்திரேட் தமிழே தெரியாதவர். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

ஜெயிலில் அவளுக்கு மாவரைக்கும் வேலை. கை காப்புக் காய்த்தது. திருடியவள், கணவனை அடித்தவள், பொய்ச்சாட்சி சொன்னவள் என்று அறையில் ஏழு பேர். "நாலு பேருக்கு மேல கூடக்கூடாதுங்க, உத்தரவு இருக்கு" என்று முதல் நாளே வார்டரிடம் சட்டம் பேசி, இரண்டு நாள் தனியறையில் கிடந்தாள். மழைக்காலத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. ஒரு சமயம் அழுதுமிருக்கிறாள். அதை அவளே பிறகு சொன்னாள்.

விடுதலையான காலையில் ஜெயில் வாசலில் கணவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். நன்றாகத் தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. அவள் இளைத்த முகத்தை ஒரு முறை பார்த்தார். பையை வாங்கிக்கொண்டு நடந்தார்.

"பத்திரிகை நின்னுபோச்சா?" என்றாள்.

"இல்லை. ஓடுது."

"யாரு கையெழுத்துப் போட்டா?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "நான்தான்."

அவள் தெருவிலேயே நின்றுவிட்டாள்.

"நீ போன மறுநாளே போட்டேன்" என்றார். "இன்னிக்குப் பதினோரு மணிக்கு எனக்கு விசாரணை. அதான் காலையிலயே உன்னை விட்டாங்களேன்னு நிம்மதியா இருந்துச்சு."

"உங்களுக்கு விசாரணையா? நீங்க என்ன எழுதினீங்க?"

"எழுதினது மானேஜர். நான் ஒரே ஒரு வார்த்தைதான் சேர்த்தேன்."

"என்ன வார்த்தை?"

"வெட்கங்கெட்ட."

"எந்த இடத்துல?"

"சர்க்கார்ங்கறதுக்கு முன்னாடி."

அவள் அவரையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கெட்ட வார்த்தை பேசி அவள் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது, சிரிப்போடு இருமலும் வந்தது. அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"நல்லா வயிறு நிறையச் சாப்பிட்டுப் போங்க" என்றாள் இருமல் நின்றதும். "உள்ள எதுலயும் உப்புப் போட மாட்டாங்க."

இருவரும் வீட்டுக்குப் போய், நாலு மாதத்துக்குப் பிறகு ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பத்தரை மணிக்கு அவர் கிளம்பினார். மூன்று மாதம் போட்டார்கள்.

பத்திரிகை ஒரு இதழ்கூடத் தவறவில்லை. ஒரு முறை தண்டனை பெற்றவள் கையெழுத்துப் போட முடியாது என்பதால், புரூப் ஐயாவின் மனைவி போட்டாள். அவளுக்கு நேராகவே எழுதத் தெரியும்.